தையற்கடை நிறுத்தம்

நிறுத்தம் இல்லாத இடத்தில் பேருந்து நின்றது. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார், கைத்தடையை இழுத்துவிட்டார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். எதிரே இருந்த தையற்கடைக்குள் நுழைந்து மறையும் வரையில் அவர் ஓடவில்லை. ஓடினால் ஊர் பார்க்கும் என்பதற்காக, ஓட்டத்தின் வேகத்தை நடைக்குள் ஒளித்துவைக்கப் பழகியிருந்தார்.

பேருந்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. நடத்துநன் தன் தோற்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பயணிகளின் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணுமில்லைங்க, இன்ஜின் சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறினதும் கிளம்பிடலாம்."

"இந்த மழையிலயா சூடாகுது?" என்று கேட்டார் முன்னிருக்கை அம்மாள். அவர் துறைமுகத்தருகே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக வேலை பார்ப்பவர். நாள்தோறும் அதே இருக்கையில் அமர்ந்து, நாள்தோறும் அதே கடிகாரத்தைப் பார்ப்பவர்.

"மழை வெளியிலதானேம்மா பெய்யுது. உள்ள அதுக்கு என்ன கோவமோ!"

சிலர் சிரித்தனர். முன்னிருக்கை அம்மாள் சிரிக்கவில்லை. சில்லறை கேட்போரிடமெல்லாம் இல்லையென்றே சொல்லிச் சொல்லி, 'சில்லறை' என்றே பெயர் வாங்கிவிட்ட அந்த நடத்துநனுக்கு, இல்லாததை இருப்பதாகச் சொல்வதும் எளிதாகவே வந்தது. ஆனால் ஓட்டுநர் திரும்பி வந்து இருக்கையில் ஏறும்போது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க மட்டும் அவனால் இயலவில்லை. ஏனெனில் அவர் வெறும் ஓட்டுநர் அல்லர். அவனுடைய அக்காளின் கணவர்.

பயணிகள் அவருக்கு இட்ட பெயர் 'நிதானம்'. முதியவர்கள் உட்காரும் முன் அவர் வண்டியை நகர்த்தமாட்டார். குழிகளைக் கண்டால், உறங்கும் குழந்தையைத் தாண்டிச் செல்பவர்போல் வண்டியைச் செலுத்துவார். ஆனால் அந்த நிதானத்தின் வயிற்றுக்குள் நிதானமே அறியாத ஒரு நோய் குடியிருந்தது. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி வீங்கும் நோய் அது. பிறருக்குத் தொற்றாது, உடையவரை விட்டு முற்றாகப் போகவும் போகாது. மருந்துக்குப் பணிந்து மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒருநாள் சொல்லாமற்கொள்ளாமல் சீறும். சீறும் நாள்களில் வயிற்றை முறுக்கும்; குருதி போகும்; கழிப்பறைக்குப் போகலாம் என்னும் எண்ணத்துக்கும் போயே தீரவேண்டும் என்னும் நிலைக்கும் இடையே அடுத்த தெருவிளக்கின் தொலைவுகூட இராது.

நோயின் பெயரை மருத்துவர் சொன்ன அன்று, ஓட்டுநர் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் அழுதார். அவர் மனைவி கதவைத் தட்டவில்லை. துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்து கதவோரம் தரையில் அமர்ந்து, ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். மடித்து முடித்ததும் சொன்னாளாம்: "எவ்வளவு நேரம் வேணும்னாலும் உள்ளயே இருங்க. நான் இங்கதான் இருக்கேன். ஆனா ஒண்ணு, இந்த வீட்ல இருக்கறது ஒரே பாத்ரூம். எனக்கும் அவசரம் வரும்." உள்ளே தண்ணீர் நின்றது. சிறிது நேரத்தில், அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு கேட்டது. கதவு திறந்தது.

இதைத் தன் தம்பியான நடத்துநனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள் அவள். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தொடங்கி, முடிக்கும்போது முந்தானையைத் தேடுவாள்.

அன்று கதவைத் திறந்த மனிதர் அதற்குப் பிறகு நோய்க்கு முன்னால் ஒளிந்துகொள்ளவில்லை. எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதைத் தம் வயிற்றினிடமே பாடம் கேட்டுக் கற்றார். ஊர் எழுமுன் எழுந்து, வயிறு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரையில் பொறுத்திருந்து, பிறகே பணிக்குக் கிளம்பினார். இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை; அதனுள் மாற்றுடை, ஈரத்துணி, மருந்து. "இது என் மாமியார் வீட்டு சீதனம்" என்று அந்தப் பையைக் காட்டி மைத்துனனைச் சீண்டுவார்.

இவையெல்லாம் எவரும் செய்யக்கூடியவை எனலாம். மைத்துனன் வியந்தது வேறொன்றை. ஒரு விடுமுறை நாளில் ஓட்டுநர் தாம் ஓட்டும் வழித்தடம் முழுவதையும் கால்நடையாகவே நடந்தார். வழியில் இருந்த மருந்துக்கடை, நூலகம், பெட்ரோல் நிலையம் ஒவ்வொன்றிலும் ஏறி, முன்பின் அறியாத மனிதர்களிடம், "எனக்கு இப்படி ஒரு வியாதி. திடீர்னு வருவேன். உங்க கழிப்பறையைப் பயன்படுத்திக்கலாமா?" என்று நேருக்கு நேர் கேட்டார். தன் வயிற்றைப் பற்றி அந்நியரிடம் பேசுவதைக் காட்டிலும் அந்த வயிற்றிலேயே கத்திக்குத்து வாங்குவதை எளிதென்று கருதுவோர் பலர். மைத்துனனும் அவர்களுள் ஒருவன். ஒரு விடுதியில் மட்டும், "தங்கறவங்களுக்குத்தான்" என்று மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டே வந்தார்.

"அவங்களுக்கு எதுக்கு மாமா நன்றி?"

"காது கொடுத்துக் கேட்டாங்கல்ல மாப்ளே. அதுக்கே மனசு வேணும்."

வழித்தடத்தின் நடுப்பகுதியில், மற்ற இடங்களெல்லாம் தொலைவாகிப்போன ஓரிடத்தில் இருந்தது அந்தத் தையற்கடை. பழைய உடைகளைப் பிடித்தும் பிரித்தும் அளவு திருத்தித் தரும் கடை. கணவரை இழந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியே நடத்திவந்தாள். ஓட்டுநர் சொன்னதைத் தைத்தபடியே கேட்டுவிட்டு, பின்கட்டுக் கழிப்பறையின் சாவியை எடுத்துத் தையல் இயந்திரத்துக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள்.

"இனிமே கேக்கக் கூடாது. வந்தா எடுத்துட்டுப் போயிட்டே இருக்கணும். நான் யார்கிட்டயாவது பேசிட்டு இருப்பேன். என் பேச்சு முடியற வரைக்கும் உங்க வயிறு நிக்குமா?"

அதோடு விடவில்லை. அவர் இடுப்பைத் தையற்காரிக்கே உரிய கண்ணால் அளந்து பார்த்து, "இந்தக் கொக்கியையும் பெல்ட்டையும் கழட்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமே!" என்றாள். மறுவாரமே அவருடைய சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பில், வெளியே தெரியாதபடி, இழுத்தால் நீளும் நெகிழ்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பார்ப்பவர்களுக்கு அது வழக்கமான சீருடை. அணிபவருக்கு மட்டுமே அதன் அருமை தெரியும்.

கடைக்காரர்களிடம் சொன்னதைப்போலவே நிறுவனத்திடமும் பயணிகளிடமும் சொல்லிவிட வேண்டுமென்றுதான் ஓட்டுநர் விரும்பினார். தடுத்தவன் மைத்துனன். முன்பு வேறோர் ஓட்டுநர் நெஞ்சுவலி என்று வாய்திறந்து சொன்னார். மறுவாரமே அவரைப் பணிமனை வாயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் கதவு திறந்துவிடுவது அவர் வேலை. தான் ஓட்டிய வண்டி தன்னைக் கடந்து போகும்போது அம்மனிதர் தலையைத் திருப்பிக்கொள்வதை மைத்துனன் பார்த்திருக்கிறான்.

"ஸ்டியரிங் போயிட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அக்காவுக்கும் தெரியும். வயித்துக்கு மருந்து இருக்கு, அதுக்கு இல்லை. நீங்க ஓட்டுங்க, வாயை நான் பாத்துக்கறேன்."

அரைமனத்தோடு இசைந்தார். அன்று பிறந்ததுதான் சூடாகும் இன்ஜின்.

ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் வேண்டுமென்பர். இந்தப் பொய்யோ துணைக்குப் பணிமனையையே அழைத்துக்கொண்டது. "ஓட்டை வண்டியை அனுப்புறீங்க" என்று பயணிகள் தொலைபேசியில் புகார் செய்ய, நல்ல வண்டி பழுதுபார்க்கும் கொட்டகைக்குள் இழுக்கப்பட்டது. எந்திர வினைஞர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஓடவிட்டும் பார்த்தார்கள். அது குளிர்ந்த மனத்தோடு ஒத்துழைத்தது.

"ஏம்ப்பா சில்லறை, இன்ஜினுக்கு ஒண்ணுமில்லையே. உன் நெத்தியைத் தொட்டுப் பாத்தியா?" என்றார் மூத்த வினைஞர்.

இருந்தாலும் வேறொரு வண்டி கொடுத்தார்கள். அங்கேதான் மைத்துனன் கோட்டைவிட்டான். புதிய வண்டியும் தையற்கடைக்கு எதிரிலேயே நின்றது. அவனும் பழக்கதோஷத்தில், "இன்ஜின் சூடாயிடுச்சு" என்றான். வண்டி மாறிவிட்டது, சூடாகும் இடம் மாறவில்லை. அதற்குமேல் யாரை ஏமாற்றமுடியும்?

பின்வரிசையில் எப்போதும் குடையோடு வரும் ஒருவர் இருந்தார். மழையோ வெயிலோ, குடை கையில் இருக்கும். ஊர்ச்செய்தி வாயில் இருக்கும். அவர் தம் பக்கத்தில் இருந்தவரிடம், பேருந்து முழுவதற்கும் கேட்கும்படியான ஒரு கமுக்கக் குரலில் சொன்னார்: "சூடாகறது இன்ஜின் இல்லைய்யா. கடைக்குள்ள ஒரு அம்மா தனியா இருக்காங்க பாரு. நிதானம், நிதானமாத்தான் வருவாரு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அச்சொல் பேருந்தை விட்டு இறங்கித் தெருத்தெருவாக நடந்து, ஓட்டுநரின் பக்கத்து வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண், துக்கம் விசாரிக்கும் முகத்தோடு அக்காளிடம் செய்தியைச் சொன்னபோது, அக்காளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் நேரே தையற்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று மாலை தம்பி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுதான் தாமதம்.

"வாடா ராசா. உன் இன்ஜின் ஆறிடுச்சா?"

"என்னக்கா?"

"உன் வாயில இன்ஜின் வெந்துச்சு. அங்க ஒருத்தியோட மானம் வேகுது, தெரியுமா உனக்கு? அவங்க புருஷனோட அண்ணன் வந்து கடை வாசல்ல நின்னு கத்திட்டுப் போயிருக்காரு. துணி கொடுத்த ரெண்டு பேர், தைக்காம அப்படியே திருப்பிக் கொடுங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க செஞ்ச தப்பு என்னடா? ஒரு சாவியை ஆணியில மாட்டினாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போன மைத்துனன், சோறு யாருடையது என்று பார்க்கத் தவறிவிட்டான்.

சாளரத்தருகே அமர்ந்திருந்த ஓட்டுநர் திரும்பினார். ஒன்றே ஒன்று கேட்டார்: "சாவியை எடுத்துட்டாங்களா?"

அக்காளின் குரல் தணிந்தது. "இல்லைங்க. அங்கேயேதான் தொங்குது. ஏம்மா, இவ்வளவு நடந்தும் இன்னும் மாட்டி வெச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். 'ஊரு பேசுதுன்னா அவர் வயிறு கேக்குமா?'ன்னாங்க."

ஓட்டுநர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"போதும் மாப்ளே. நான் சொல்லிடறேன்."

"மாமா, நாளைக்கு மேனேஜரே நம்ம வண்டியில வராரு. இன்னைக்குத்தான் கூப்பிட்டுச் சொன்னாரு. ஏன் அங்க நிக்குதுன்னு கண்ணால பாக்கணுமாம். பாத்தா அவ்வளவுதான், டெப்போ கேட் நாற்காலிதான். நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுடுங்க."

"நாளன்னைக்கு?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. காலையிலேயே ஆபீஸ்ல தனியா போய்ச் சொல்லிடுங்க. பஸ்ல வேணாம், அத்தனை பேர் முன்னால."

"பேச்சு ஏறினது பஸ்லதானே? அங்கதான் இறக்கிவிடணும். ஆபீஸ்ல சொன்னா என் வேலை தப்பிக்கும். அந்தம்மா பேரு?"

அக்காள் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியிடம், "நீ சாப்பிட்டுப் போ" என்றாள். அவள் சினம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

மறுநாள் மழை விட்டு, குளிர் மட்டும் மிஞ்சியிருந்தது. பணிமனை மேலாளர் முன்னிருக்கை அம்மாளுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் வாக்கியத்துக்கு ஒரு சொல்லைக் குறைத்தே பேசுபவர். பின்வரிசையில் குடைக்காரர், நாடகம் தொடங்கக் காத்திருப்பவர்போல் நிமிர்ந்திருந்தார்.

மைத்துனன் சீட்டுக் கொடுத்துக்கொண்டே கண்ணாடியில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தவண்ணம் இருந்தான். நெற்றி சுருங்கவில்லை. உதடு கடிபடவில்லை. இடக்கை வயிற்றுப்பக்கம் போகவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த முகத்தின் வானிலையைச் சொல்லக்கூடியவன் அவன்; அன்று வானம் தெளிந்திருந்தது. வயிறு தூங்குகிறது! தையற்கடை நெருங்க நெருங்க அவன் நெஞ்சு குதித்தது. 'தாண்டிப் போயிடுங்க மாமா. இன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டா, மேனேஜர் பார்க்க ஒண்ணுமே இருக்காது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும்.'

பேருந்தின் வேகம் குறைந்தது. திரும்புவதைக் காட்டும் விளக்கு கண்ணடித்தது. தையற்கடைக்கு எதிரே, வழக்கமான அந்த இடத்தில், பேருந்து நின்றது.

தேவையே இல்லாமல் நிறுத்துகிறார் என்பதை அந்த வண்டியில் அறிந்தவன் அவன் ஒருவனே. அவனுக்கு அடிவயிறு கலங்கிற்று. அந்த நொடியில் வண்டியில் கலங்கிய ஒரே வயிறு அவனுடையதுதான்.

ஓட்டுநர் எழுந்து திரும்பினார். இத்தனை ஆண்டுகளில் அவருடைய பிடரியை மட்டுமே கண்டிருந்த பலர், அன்றுதான் அவர் முகத்தை முழுமையாகக் கண்டார்கள்.

"எல்லாரும் மன்னிக்கணும். கொஞ்சம் பேசணும்," என்றார். குரல் முதலில் சற்றுத் தடுமாறிற்று. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டுப்போனது என் குடல். பெருங்குடல்ல புண்ணு. ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா தீரவும் தீராது. அவசரம் வந்தா அடுத்த ஸ்டாப் வரைக்கும் தாங்காது. அதான் இங்க நிறுத்துவேன். இந்தக் கடை அம்மா தன்னோட பின்கட்டுச் சாவியை எனக்காக ஆணியில மாட்டி வெச்சிருக்காங்க. நான் அவங்ககிட்ட இதுவரைக்கும் பேசின பேச்சையெல்லாம் சேத்தா, உங்க கைல இருக்கற டிக்கெட்ல எழுதிடலாம். அவங்களைப் பத்தி யாராவது வேற மாதிரி பேசியிருந்தா, அந்தப் பழி என்னோடது. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

தன் பெயரை அவர் சொல்லவில்லை என்பதை மைத்துனன் கவனித்தான். பொய் அவனுடையது, வெட்கத்தை அவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஒருவர் கைப்பிடிக் கம்பியிலிருந்து கையை எடுத்துத் தம் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். குடைக்காரர், "இதையெல்லாம் போய்ப் பொது இடத்துல சொல்லுவாங்களா" என்று முனகினார்.

"நீங்க சொன்னதையெல்லாம் பொது இடத்துலதானே சொன்னீங்க?" என்றார் முன்னிருக்கை அம்மாள், திரும்பிப் பாராமலே. பிறகு ஓட்டுநரை நோக்கி, "ஏங்க, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் தினமும் எங்க டாக்டர்கிட்ட உங்க இன்ஜினை இல்ல திட்டிட்டு இருக்கேன்!" என்றார். கைப்பையின் பிடியை அவர் முறுக்கிக்கொண்டிருந்தார். "அது... அந்தச் சாவி... டிரைவருக்கு மட்டும்தானா?"

"என்னம்மா?"

"எனக்குச் சர்க்கரைங்க. துறைமுகம் போற வரைக்கும் தாங்காதுன்னு வீட்ல தண்ணியே குடிக்காம கிளம்பறேன். ரொம்ப நாளா இப்படித்தான்."

அணையில் ஒரு கல் பெயர்ந்தாற்போல் ஆயிற்று. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, "நானும் இறங்கட்டுமாக்கா?" என்று எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு முதியவர் ஊன்றுகோலைத் தேடினார். தத்தம் உடம்பை ஒரு குற்றம்போல் மடியில் மறைத்துவைத்துக்கொண்டு, நாள்தோறும் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்தவர்கள் அவர்கள்.

கடை வாயிலுக்கு வந்த தையற்காரி, இறங்கி வருவோரைக் கண்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "இது என்ன, கடையா ஸ்டேஷனா? வாங்க, வாங்க. வரிசையா வாங்க. தண்ணி ஊத்திட்டு வரணும், ஆமா!"

வரிசையின் கடைசியில் குடைக்காரர் நின்றார். வானில் துளி மேகமில்லை. ஆயினும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

இந்த வேளை பார்த்துத்தான் ஓட்டுநரின் வயிறு துயிலெழுந்தது. மைத்துனன் கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் நடையே சொல்லிற்று. அவன் வாழ்நாளில் முதன்முறையாக, தொண்டை கிழியும்படி ஓர் உண்மையைக் கத்தினான்: "வழி விடுங்க! டிரைவருக்கு அவசரம்!"

வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. குடைகூட ஒதுங்கிற்று. ஓட்டுநர் அன்று மறைக்காமல், ஒளிக்காமல், எல்லாரும் பார்க்க ஓடினார்.

மேலாளர் பேருந்தின் படியில் நின்று இவ்வளவையும் பார்த்தார். ஓட்டுநர் திரும்பி வந்ததும், "டாக்டர் என்ன சொல்றாரு? ஓட்டலாமா?" என்று கேட்டார்.

"ஓட்டலாம்னுதான் சொல்றாருங்க. சீறும்போது மட்டும் வீட்ல இருக்கணும்."

"அதை எழுத்துல வாங்கிட்டு வாங்க. ஓட்ட முடியாத அன்னைக்கு எனக்குச் சொல்லணும். இவன்கிட்ட இல்லை, எனக்கு." மைத்துனனை ஒருமுறை பார்த்தார், அந்தப் பார்வையிலேயே இன்ஜின் கணக்கு நேராயிற்று. "இங்க ஒரு நிறுத்தம் போட்டுடலாம். பின்கட்டை நாம சுத்தம் பண்ணிக் கொடுக்கணும், அந்தம்மா தலையில கட்டக் கூடாது."

ஓட்டுநர் நன்றி சொல்ல வாயெடுத்தார். மேலாளர் கையமர்த்தினார்.

"இதுல கருணை ஒண்ணும் இல்லை. அட்டவணையில இல்லாட்டி அது தாமதம். இருந்தா அது நிறுத்தம்."

அவ்வாறே ஆயிற்று. சில வாரங்களில் தையற்கடைக்கு எதிரே ஒரு நிறுத்தக் கம்பம் முளைத்தது. கம்பியிலிருந்து கையெடுத்துத் துடைத்துக்கொண்ட மனிதர் வேறு வண்டிக்கு மாறிப்போனார். அவரைப்போல் இன்னும் சிலரும் போனார்கள். ஏனையோர் இருந்தார்கள். திருப்பி வாங்கிச் சென்ற துணிகளுள் ஒன்று, தலைகுனிந்தபடி தையற்கடைக்கே திரும்பிவந்தது.

நோய்க்கு அட்டவணை ஏது? ஆண்டு முடியுமுன் அது முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சீறிற்று. ஓட்டுநர் மேலாளரிடம் சொல்லிவிட்டு, மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தார். வாரங்கள் சென்றன. மைத்துனன் பார்க்கப் போனபோது, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"சில நாள் கோவம் வருது மாப்ளே," என்றார் கூரையைப் பார்த்தபடி. "யார் மேலன்னு தெரியல. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்கத் தோணுது. உங்கக்கா வந்தா சிரிக்கறேன். அவ போனதும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறேன்."

மைத்துனன் அவர் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தான். இந்த மனிதருக்கு அச்சமும் அலுப்பும் கிடையா என்று இதுகாறும் அவன் எண்ணியிருந்தான். இரண்டும் நிறைய இருந்தன. அவற்றோடுதான் அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்திருந்தார் என்பது விளங்கியபோது, அவர்மேல் அவன் கொண்டிருந்த மதிப்பு முன்னையினும் பெருகிற்று.

பிறகு மெல்லச் சொன்னான்: "மாத்து டிரைவர் முதல் நாள் நம்ம ஸ்டாப்பைத் தாண்டி விட்டுட்டாரு மாமா."

"அடப்பாவி!"

"மொத்த பஸ்ஸும் பெல் அடிச்சுது. முன்சீட்டம்மா எழுந்து நின்னுட்டாங்க. 'தம்பி, இந்த வண்டியில தண்ணி குடிச்சிட்டு வர்றவங்க இருக்கோம், ரிவர்ஸ் எடு!'ன்னு. குடைக்காரர்தான் கீழ இறங்கி, குடையை ஆட்டி ஆட்டி ரிவர்ஸ் பாத்தாரு."

ஓட்டுநரின் வயிறு குலுங்கிற்று. இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வெக்காதடா, வலிக்குது," என்றார், கண்ணில் நீர் வர. "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?"

புதிய மருந்தொன்று மெல்ல மெல்லக் கைகொடுத்தது. பனி விலகிய ஒரு காலையில் அவர் பணிக்குத் திரும்பினார். இளைத்த இடுப்புக்கு ஏற்பத் தையற்காரி காற்சட்டைகளைப் பிடித்துத் தைத்திருந்தாள். பிரித்தால் பெரிதாகும்படி உள்ளே துணியை விட்டுவைத்திருந்தாள். "உடம்பு தேறும்ல, அப்ப பிரிச்சுக்கலாம்" என்றாளாம். படியில் கால்வைத்து ஏறியவர், ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் இரு கைகளையும் வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். துணிப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"இன்ஜின் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் முன்னிருக்கை அம்மாள்.

"இன்னைக்குக் குளுமையா இருக்கும்மா. நாளைக்கு எப்படியோ!"

பேருந்து கிளம்பிற்று. முதியவர் ஒருவர் அமரும் வரையில் பொறுத்திருந்தே கிளம்பிற்று. குழிகளைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டி அது சென்றபோது, மைத்துனன் கண்ணாடியில் அம்முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டியிருந்தது; கண் சாலையின்மேல் இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ள அவனுக்கு இப்போது காரணம் ஒன்றும் இல்லை.

வேகம் குறைந்தது. அவன் தோற்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வண்டியின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கக் கூவினான்.

"தையற்கடை! தையற்கடை எல்லாம் இறங்கு!"